பிள்ளைகளை விட்டுவிட்டு மதுரையில் ஒரு நாள்

கேள்வி: தேனியில் இருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மதுரைக்கு அடிக்கடி போகிறோம். ஆனால் போவதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு, இல்லாவிட்டால் முகூர்த்தச் சேலை எடுக்க. ஊரை நாங்கள் பார்த்ததே இல்லை. "ஒரு நாள் பிள்ளைகளை நான் பார்த்துக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று மாமியாரே சொல்கிறார். அவருக்கு 63 வயது. சின்னவன் என்னை விட்டு இருந்ததில்லை, அழுவானோ என்று பயமாக இருக்கிறது. கணவர் கொடைக்கானல் போகலாம் என்கிறார். எனக்குக் கீழடியும் பார்க்க ஆசை. 3,000 ரூபாய்க்குள் முடியுமா? பிள்ளைகளை விட்டுவிட்டு ஊர் சுற்றுவது தப்பா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேனி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தப்பே இல்லை. உங்கள் மாமியார் தானாக முன்வந்து சொல்கிறார் என்றால், உங்கள் முகத்தில் தெரியும் களைப்பை அவர் கவனித்திருக்கிறார் என்று பொருள். மறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலை இந்த முறை தள்ளிப்போடச் சொல்லுங்கள் உங்கள் கணவரிடம். முதல்முறை பிள்ளைகளை விட்டுப் போகும்போது, ஒரு போன் வந்தால் உடனே பஸ் ஏறித் திரும்பக்கூடிய ஊராக இருக்க வேண்டும். மதுரை ஆரப்பாளையத்திலிருந்து தேனிக்கு நாள் முழுக்க பஸ் இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் வீட்டில் இருப்பீர்கள். மலைப்பாதையில் இரவில் இறங்கி வருவது அப்படியல்ல.

ஒரு நிபந்தனையை மட்டும் இருவரும் ஒப்புக்கொண்டு கிளம்புங்கள். அன்றைக்கு வேலை எதையும் கூடவே எடுத்துப் போகக் கூடாது. "போறதுதான் போறோம், அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிட்டு வந்துரலாம்", "கடைக்கு ஒரு பார்சல் இருக்கு" என்று ஒன்று சேர்ந்தால் போதும், வழக்கமான மதுரைப் பயணமாக அது மாறிவிடும். பிள்ளைகளோடு செய்ய முடியாதது எதுவோ, அதற்காக மட்டும் அந்த நாளை வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும் இடங்களையும் அந்தக் கணக்கில்தான் கீழே தேர்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டு ஏற்பாடு. பயணத்தின் பாதி இங்கேதான் இருக்கிறது.

சின்னவனை ஒரேயடியாகப் பதினான்கு மணி நேரம் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூன்று வாரத்துக்கு முன்பே பழக்கத் தொடங்குங்கள். முதல் ஞாயிறு இரண்டு மணி நேரம் வெளியே போய்விட்டு வாருங்கள். அடுத்த ஞாயிறு காலையில் கிளம்பி, அவன் மதியம் தூங்கி எழுந்த பிறகு திரும்புங்கள். அம்மா இல்லாமல் விளையாடப் பெரும்பாலான பிள்ளைகள் பழகிவிடுவார்கள், சிக்கல் வருவது தூங்கும் நேரத்தில்தான். பாட்டி தட்டிக்கொடுத்து ஒருமுறை தூங்கிவிட்டான் என்றால் பெரிய தடை தாண்டியாயிற்று. உங்கள் பழைய நூல் சேலை ஒன்றைத் துவைக்காமல் அவன் படுக்கையில் போட்டு வையுங்கள். அந்த வாசனை உதவும்.

அவன் கவனிக்காத நேரம் பார்த்து நழுவிப் போகாதீர்கள். அழுகையைத் தவிர்க்க எல்லோரும் செய்வது இதுதான், பிறகு பல நாள் சிரமம் கொடுப்பதும் இதுதான். சொல்லாமல் காணாமல் போன அம்மா மறுபடியும் காணாமல் போகலாம் என்று பிள்ளை நினைக்கும். அடுத்த ஒரு வாரத்துக்கு நீங்கள் குளிக்கப் போனாலும் கதவைத் தட்டுவான். அதனால் அவன் விழித்த பிறகு, சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு மணி தெரியாது, நடப்பு தெரியும். "அக்கா ஸ்கூல்ல இருந்து வருவா, நீ ராத்திரி இட்லி சாப்பிடுவ, அதுக்கப்புறம் அம்மாவும் அப்பாவும் வந்துருவோம்" என்று முதல் நாள் இரவும் கிளம்பும்போதும் ஒரே வார்த்தைகளில் சொல்லுங்கள். அழுதால் ஒரு முறை தூக்கிக் கொஞ்சிவிட்டு, பாட்டி கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். வாசலில் நின்றுகொண்டே இருந்தால் அழுகை நீளும்.

எந்தக் கிழமை என்பது முக்கியம். ஞாயிறு வேண்டாம், பள்ளி நாளாகப் பாருங்கள். பெரியவள் மாலை வரை பள்ளியில் இருந்தால் அத்தைக்குப் பகலில் ஒரு பிள்ளைதான். கோயிலிலும் நெரிசல் குறையும். வெள்ளிக்கிழமை, அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம், பெரிய முகூர்த்த நாள் இவற்றைக் காலண்டரில் பார்த்து ஒதுக்கினால் பெரும்பாலும் ஒரு புதனோ வியாழனோ கிடைக்கும். மாதத்தில் தை பிற்பாதியும் மாசியும் நல்லது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகிறவர்கள் கூட்டம் மீனாட்சி கோயிலில் நிறைந்திருக்கும். சித்திரைத் திருவிழா நாட்களில் அமைதியாக நடக்க இடமே இருக்காது. தைப்பூசத்தன்று தெப்பத் திருவிழா, அன்றும் வேண்டாம்.

அத்தைக்கு அன்று சமையல் வேலை வைக்காதீர்கள். மாவு, சட்னி, மதியத்துக்கு ரசமும் பொரியலும் தயாராக இருக்கட்டும். மாலை நான்கிலிருந்து ஏழு வரைதான் அவருக்குக் கடினமான நேரம். இரண்டு பிள்ளைகளும் களைத்துப்போய் வீட்டில் இருப்பார்கள், அவரும் களைத்திருப்பார். அந்த மூன்று மணி நேரத்துக்குச் சொந்தத்திலோ பக்கத்து வீட்டிலோ ஒருவரை வந்து உடனிருக்கச் சொல்லுங்கள். அத்தைக்கு பிபி, சுகர் மாத்திரை இருந்தால் அதையும் எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். பிள்ளைகளைப் பார்க்கும் ஓட்டத்தில் பெரியவர்கள் முதலில் மறப்பது தங்கள் மாத்திரையைத்தான். தண்ணீர்த் தொட்டிக்கும் சம்ப்புக்கும் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். முழு நிலக்கடலை, திராட்சை, ரிமோட்டில் இருக்கும் பட்டன் பேட்டரி, இவை சின்னவன் கைக்கு எட்டக் கூடாது.

காய்ச்சல் மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் என்று ஒரு பாட்டிலிலும், 250 என்று இன்னொன்றிலும் வரும். இரண்டும் வீட்டில் இருந்தால் பாட்டி மாற்றிக் கொடுத்துவிடலாம், அளவு இரட்டிப்பாகிவிடும். பிள்ளையின் இப்போதைய எடைக்கு எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டு, ஒரே ஒரு பாட்டிலை மட்டும் வெளியே வைத்து, அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். சமையல் கரண்டியால் அல்ல, மருந்து மூடியால் அளக்க வேண்டும். முதல் நாள் இரவே உடம்பு சுட்டால் பயணத்தை நிறுத்திவிடுங்கள். அதற்காகவே, ரத்து செய்தால் பணம் திரும்பாத எதையும் முன்பதிவு செய்யாதீர்கள்.

இனி அன்றைய நாள்.

காலை ஆறரைக்குத் தேனியில் பஸ் ஏறுங்கள். ஆனால் நேரே ஆரப்பாளையம் போக வேண்டாம். செக்கானூரணி தாண்டி நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்குங்கள். எல்லா பஸ்ஸும் அங்கே நிற்காது, ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கியதும் இரண்டு இட்லியோடு காப்பி, அதற்கு மேல் வேண்டாம். அங்கிருந்து ஆட்டோவில் கீழக்குயில்குடி சமணர் மலை. போக மட்டும் பேசாமல், மலையடியில் ஒரு மணி நேரம் நின்று மதுரைக்குள் கொண்டுபோய் விடுவதற்கும் சேர்த்து ஒரே வாடகையாகப் பேசுங்கள். காலையில் அங்கே திரும்பி வர ஆட்டோ சுலபமாகக் கிடைக்காது.

மலையடியில் ஆலமரங்கள், தாமரைக் குளம், அய்யனார் கோயில். அங்கிருந்து பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் என்ற இடம். சுனைக்குப் பக்கத்துப் பாறையில் சமண சமயத்துத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாக இருக்கும், கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். சமணத் துறவி பாகுபலியும், தீர்த்தங்கரர் பார்சுவநாதரும் அந்த வரிசையில் உண்டு. சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்திய வேலை அது. மலையின் இன்னொரு பக்கத்தில் செட்டிப்புடவு என்ற குகைச் சிற்பமும் இருக்கிறது. ஆனால் ஒரே காலையில் இரண்டையும் அடைத்தால் ஓட்டமாகிவிடும், பேச்சிப்பள்ளம் போதும். மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தப் பாறையில் ஏற முடியாது. ஏறினாலும் ஓரத்துக்கு ஓடிவிடுவானோ என்று அவனையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதனால்தான் இந்த இடத்தை முதலில் வைத்தேன். மேலே உட்கார்ந்து ஊரைப் பாருங்கள், பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. மேலே கடை கிடையாது, இருவருக்கும் சேர்த்து இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். வழுக்காத செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். சிற்பத்தையும் கல்வெட்டையும் தொடவோ, சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுக்கவோ கூடாது. ஒன்பதரைக்குள் இறங்கிவிடுங்கள், அதற்கு மேல் பாறை சூடேறும்.

பத்தேகால் வாக்கில் மீனாட்சி கோயில். கோயில் நடை பகல் பன்னிரண்டரைக்குச் சாத்தி மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். மதுரை வரும் பலருடைய திட்டம் குலைவது இதை மறந்து பதினொன்றரைக்கு வந்து நிற்பதால்தான். இன்னொரு காரணமும் உண்டு. பன்னிரண்டு மணி வெயிலில் கல் தளம் காலைச் சுடும், நிழலைத் தேடி ஓடுவீர்களே தவிரக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க மாட்டீர்கள்.

இங்கேதான் உங்களைப் போன்ற பெற்றோர் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. 2018இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு, கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அதாவது இரண்டு மணி நேரம் உங்கள் இருவரையும் யாராலும் கூப்பிட முடியாது. இதை அத்தையிடம் சொல்லாமல் போனால், அவர் கூப்பிட்டுப் பார்த்துப் பதறிப்போவார். உள்ளே நிற்கும் நீங்களும் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். "பத்திலிருந்து பன்னிரண்டரை வரை போன் எடுக்க மாட்டோம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த நேரத்துக்கு மட்டுமல்ல, நாள் முழுவதற்கும் தேனியிலேயே ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். வண்டி ஓட்டத் தெரிந்த தம்பியோ மச்சினரோ கடைப் பையனோ போதும். ஒரு அவசரம் என்றால் முதலில் கூப்பிட வேண்டியது அவரை, அடுத்தது 108ஐ. மதுரையில் இருக்கும் உங்களால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எதையும் செய்ய முடியும். பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்ற நிம்மதி வந்துவிட்டால், போன் கையில் இல்லை என்பதே தெரியாது. எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

நான்கு வாசலும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். எந்த வாசலில் போனையும் செருப்பையும் கொடுத்தீர்களோ அதே வாசலில்தான் வெளியே வர வேண்டும், இல்லையென்றால் சித்திரை வீதியைச் சுற்றி வெறுங்காலில் நடக்க வேண்டிவரும். அம்மன் சன்னதிக்கு நேரே அட்டசக்தி மண்டபம் வழியாக நுழையும் கிழக்குப் பக்கம் நல்லது. மலையேற வசதியாகச் சுடிதார் போட்டால் துப்பட்டாவோடு போடுங்கள், கணவருக்கு வேட்டியோ முழு பேன்ட்டோ. அரை டிரவுசரில் உள்ளே விட மாட்டார்கள்.

உள்ளே எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். தரிசனம் முடிந்ததும் கம்பத்தடி மண்டபத்துக்கு வாருங்கள். பெருமாள் தாரை வார்த்துக் கொடுக்க மீனாட்சி திருக்கல்யாணம் நடக்கும் தூண் அங்கேதான் இருக்கிறது. படத்தில் ஆயிரம் முறை பார்த்திருந்தாலும், மணப்பெண் தலை குனிந்து நிற்கும் அந்த நாணத்தைக் கல்லில் பக்கத்திலிருந்து பார்ப்பது வேறு. பிறகு வெள்ளியம்பலத்தில் வலது காலைத் தூக்கி ஆடும் நடராசர், மற்ற ஊர்களில் இடது கால் தூக்கியிருக்கும். கடைசியாகப் பொற்றாமரைக் குளப் படியில் அரை மணி நேரம் உட்காருங்கள், கண்ணுக்கு நேரே தெற்குக் கோபுரம் தெரியும். இருக்கும் கோபுரங்களில் உயரமானது அதுதான். நேரம் மிச்சம் இருந்தால் 985 தூண்கள் உள்ள ஆயிரங்கால் மண்டபம், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால், காலையிலேயே கோயிலை முடித்துவிடுவது அதற்கும் வசதி. மதியம் தயக்கமில்லாமல் சாப்பிடலாம். கோனார் மெஸ் கறி தோசை, அம்மா மெஸ் அயிரை மீன் குழம்பு என்று பெயர் சொல்லிப் போகும் இடங்கள் மதுரையில் பல. அயிரை மீனுக்கு விலையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், சாப்பாட்டுக் கட்டணத்தில் அது சேராது. கறி தோசை கனமான பண்டம். தோசை மேல் முட்டை, அதன் மேல் கறி. சாப்பாட்டோடு சேர்த்து ஆளுக்கொன்று வாங்கினால் மிச்சமாகும், இருவருக்கு ஒன்று போதும். யாருக்கும் ஊட்டாமல், சூடு ஆறுவதற்குள் நிதானமாகச் சாப்பிடுங்கள்.

ஒரு மணிக்கு வீட்டுக்கு போன் போடுங்கள், அத்தையிடம் மட்டும் பேசுங்கள். வீடியோ கால் வேண்டாம். விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை அம்மா முகத்தைத் திரையில் பார்த்ததும்தான் அழத் தொடங்கும், மதியத் தூக்கமும் போய்விடும். நாலரைக்கு இன்னொரு போன், அப்போது பெரியவளிடம் பேசலாம்.

ஒன்றரை முதல் மூன்றரை வரை ஊர் சுற்றாதீர்கள். கோயில் மூடியிருக்கும், வெயில் உச்சியில் இருக்கும். பணத்தின் பெரும்பகுதியை நான் இங்கேதான் ஒதுக்கச் சொல்வேன். ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் லாட்ஜுகள் நிறைய. பகல் மட்டும் அறை தருவார்களா, என்ன வாடகை என்று முன்கூட்டியே போனில் கேளுங்கள். இருவரும் ஆதார் அட்டை கொண்டுபோங்கள். பகலில் கணவன் மனைவி அறை எடுக்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம், லாட்ஜுக்காரர்களுக்கு அது தினமும் பார்ப்பது. ஏழு வருடமாகப் பகலில் தடையில்லாமல் தூங்கியிராத இரண்டு பேருக்கு இந்த இரண்டு மணி நேரம் எந்தக் கோபுரத்துக்கும் குறைந்ததல்ல. அறை அமையாவிட்டால் ஏசி தியேட்டரில் மதியக் காட்சி. அதற்காக மாலைத் திட்டத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றே முக்காலுக்கு திருமலை நாயக்கர் மகால். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். 1636இல் கட்டிய அரண்மனையில் இன்று நிற்பது ஏறத்தாழ கால் பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்துவிட்டார். அந்தக் கால் பங்கே இவ்வளவு என்றால் மற்றதை எண்ணிப் பாருங்கள். சொர்க்கவிலாசம் என்ற பெரிய மண்டபத்தின் மேல்விதானச் சுதை வேலைக்குத்தான் நேரம் வேண்டும், தூணோடு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

அங்கிருந்து விளக்குத்தூண் நடக்கும் தூரம். வழியில் பத்துத்தூண் சந்துக்குள் நுழையுங்கள். பிரித்துப்போன அரண்மனையின் மிச்சத் தூண்கள் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே நிற்கும், மகாலைப் பார்த்த உடனே பார்த்தால்தான் அதன் அளவு புரியும். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம், எல்லாம் சேர்ந்து வயிறு நிறையும். மதியம் சாப்பிட்ட உடனே குடிக்காமல் இந்த நேரத்துக்கு வைத்திருப்பது அதனால்தான்.

ஒரு சேலை எடுக்க ஆசை இருந்தால் சுங்குடி எடுங்கள். சௌராஷ்டிர மக்கள் கைவேலை, 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. கையால் முடிச்சுப் போட்டதில் புள்ளிகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது, முடிச்சுப் போட்ட இடத்தில் துணி லேசாகச் சுருங்கி இருக்கும். அச்சடித்ததில் புள்ளிகள் அளவெடுத்தாற்போல இருக்கும், விலையும் குறைவு. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் இரண்டும் நல்லதுதான். புதுமண்டபத்தில் இருந்த கடைகளை இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் தேடுங்கள். மல்லிகை வாங்கினால் இறுக்கமான மொக்காகப் பாருங்கள், வீடு போய்ச் சேரும்போது விரியும். தை, மாசியில் விளைச்சல் குறைந்து விலை ஏறியிருக்கும், அளவாக வாங்குங்கள்.

ஆறு மணிக்கு ஆரப்பாளையம் கிளம்பிவிடுங்கள். மாலை நெரிசலில் ஆட்டோவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஏழு மணிக்குள் பஸ்ஸில் உட்கார்ந்தால் ஒன்பதுக்குள் வீடு. 3,000 ரூபாய்க்குள் அடங்குமா என்று கேட்டீர்கள். அறையும் ஆட்டோவும்தான் பெரிய செலவு, அவை போக பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் நுழைவுச் சீட்டுக்கும் சரியாக இருக்கும். சேலைக்குத் தனிப்பணம் வேண்டும். மதுரைக்குள் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் உங்களுக்குச் சீட்டு இலவசம், தேனி பஸ்ஸில் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் "என்னைத் தேடினியாடா?" என்று சின்னவனிடம் கேட்காதீர்கள். அன்று என்ன விளையாடினான் என்று கேளுங்கள். மறுநாள் காலை அத்தை தாமதமாக எழட்டும், அடுப்படிப் பக்கம் அவரை விடாதீர்கள்.

கீழடியை இந்த நாளோடு சேர்க்காதீர்கள். சமணர் மலை மதுரைக்கு மேற்கே, கீழடி தென்கிழக்கே 12 கிலோமீட்டர். இரண்டையும் சேர்த்தால் பாதி நாள் ஆட்டோவிலேயே போய்விடும். 2023 மார்ச்சில் திறந்த அந்த அருங்காட்சியகத்துக்கு உங்கள் மகளையும் கூட்டிப் போகலாம், பானை ஓட்டில் கீறிய பழைய எழுத்தைப் பார்த்து வியக்கிற வயது அவளுக்கு. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.